விரல் தின்ற பழம்

நான் ஆண்டிபட்டிப் பக்கம் பிறந்தவள். மழை வந்தால் விளைச்சல், வராவிட்டால் வேடிக்கை பார்க்கிற ஊர். மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து என் மாமியார் அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. "அங்கன பழத்தைக் கடையிலதான பாத்திருப்பா, பாவம்" என்பார், வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. "எங்க ஊருப் புளிப்பு உங்க வாயில இருக்கு அத்தே" என்று திருப்பிக் கொடுப்பேன். சண்டை என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கு அது ரேடியோ மாதிரி.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து நான் உண்டானேன். எத்தனையோ கோயில், எத்தனையோ டாக்டர் பார்த்தபிறகு வந்த பிள்ளை. ஐந்தாம் மாதத்துச் சோதனையில் சர்க்கரை என்று சொன்னார்கள். எங்கள் பக்கம் யாருக்கும் அந்த நோய் கிடையாது. தேனி ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வயிற்றில் பிள்ளையோடு வளர்கிற நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்குமாம். அவை இன்சுலினை அதன் வேலையைச் செய்யவிடாதாம். சிலருக்கு உடம்பு அதைச் சமாளித்துவிடும், சிலருக்கு முடியாது. பெரும்பாலும் பிரசவத்தோடு சரியாகிவிடும். "நீங்க எதையோ தப்பாத் தின்னதால வந்ததில்லம்மா இது" என்றார். அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னேன், வெளியே மாமியார் உட்கார்ந்திருந்தார்.

இன்சுலின் ஊசி ஆரம்பித்தது. காலை வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, விரலைக் குத்தி மிஷினில் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் தங்கமாக இருக்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் ஏறிக் கிடக்கும். கேப்பைக் களி, கீரை, அவித்த முட்டை என்று சொன்னதை மட்டும்தான் தின்றேன். நாக்கு செத்தே போயிருந்தது. டாக்டரம்மா காலை ஊசியின் அளவைக் கூட்டினார், மறுபடி கூட்டினார். சர்க்கரை அசைந்துகொடுக்கவில்லை. "இப்படியே போனா பிள்ளை ரொம்பப் பெருத்துரும். அட்மிட் பண்ணிப் பாக்கணும். முன்கூட்டியே எடுக்க வேண்டியும் வரலாம்" என்று அவர் சொன்ன அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை.

மாமியார் பேசினார். வீட்டுப் படியேறும்போதே பேசினார்.

"ஷெட்டுல உக்காந்து பழம் அறுக்கயில கை சும்மா இருக்குமா? வானம் பாத்த பூமியில பொறந்தவ, பன்னீர்த் திராட்சையைக் கண்டா விடுவாளா?"

அறுவடைக் காலம் அது. மருந்தடிக்கிற பந்தலுக்குள் போகக்கூடாது என்று என்னை ஷெட்டில் உட்கார வைத்திருந்தார்கள். கொத்துகளை மடியில் வைத்து, வெடித்த பழம், அழுகிய பழமெல்லாம் சின்னக் கத்தரியால் வெட்டியெடுத்துவிட்டுப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது என் வேலை. மாலையில் பழம் ஏற்றக் கேரளா வண்டி வந்துவிடும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விரலைக் குத்திப் பார்ப்பதும் அங்கேயேதான். ஒரு பழம்கூட நான் வாயில் போட்டதில்லை. வாசனை மட்டும்தான். எச்சில் ஊறும், விழுங்கிக்கொள்வேன். அப்படியிருந்த என்னைத் திருடி என்றதும் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என் பிள்ளை மேல சத்தியமாத் திங்கல" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் இடையில் நின்றுகொண்டு, "ஒண்ணு ரெண்டு தின்னிருந்தாலும் சொல்லிரு, டாக்டர்கிட்டதான சொல்லப் போறோம்" என்றார். அந்த மனுசனும் நம்பவில்லை. அன்று அழுத அழுகை என் வயிற்றிலிருந்தவளுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த தடவை போனபோது ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடப்பதாகச் சொன்னார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் புஜத்தில் ஒரு வட்ட வில்லையை ஒட்டிவிடுவார்கள். அது ராத்திரி பகல் பார்க்காமல் சர்க்கரையைப் பார்த்துப் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். விரலில் பார்ப்பதையும் நிறுத்தக்கூடாது. இரண்டையும் ஒப்பிட்டு, எது தாய்க்கும் பிள்ளைக்கும் உதவுகிறது என்று பார்க்கிறார்கள். "நான் சேந்துக்கிறேன்" என்று டாக்டரம்மா பேசி முடிக்குமுன்பே சொன்னேன். ராத்திரி பகல் பார்க்கிற சாட்சிதானே எனக்கு வேண்டியது! ஒட்டிவிட்ட சிஸ்டர், "முதல் நாள் கொஞ்சம் முன்னப் பின்னக் காட்டும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப வித்தியாசமா வந்தா ஊசி எதுவும் போடாம எனக்கு உடனே போன் பண்ணுங்க" என்றார்.

மறுநாளே அந்த நேரம் வந்தது. காலை ஊசி போட்டு, களி தின்று, ஷெட்டில் கொத்து வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. இப்படி முன்பும் வந்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக் கிறுகிறுப்பு என்று விட்டுவிடுவோம். இந்தத் தடவை போன் அலறியது. எடுத்துப் பார்த்தால் சர்க்கரை அறுபதுக்கும் கீழே, இறங்கிக்கொண்டே இருப்பதாக அம்புக்குறி வேறு.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து மிஷினை எடுத்தார். சொல்லிக்கொடுத்தபடி விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார், குத்தினார். முன்னூறைத் தொட்டிருந்தது.

"பாத்தியா, பழத்தைத் தின்னுட்டுத்தான் இந்த வேர்வை. ஊசியைப் போடுறா! போனாவது மண்ணாவது" என்றார் மாமியார்.

"முதல் நாள் முன்னப் பின்னக் காட்டும்னுதான் சிஸ்டரும் சொன்னாக" என்று என் வீட்டுக்காரர் இன்சுலின் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்று மட்டும் தெரிந்தது: ஊசியா இனிப்பா, இதில் தப்பானதைக் கொடுத்தால் பிள்ளையும் நானும் இருக்க மாட்டோம். "தொடாதீக! சிஸ்டருக்குப் போனைப் போடுங்க!" என்று இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

போட்டார். சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "அவங்க கையில என்ன வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க?"

"பழம் அறுத்துக்கிட்டு."

"ஐயோ, கையைச் சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவிட்டு மறுபடி குத்துங்க. சீக்கிரம்."

குடத்துத் தண்ணீரை அப்படியே என் கைமேல் கவிழ்த்தார். சோப்புப் போட்டுத் தேய்த்து, துண்டால் துடைத்துக் குத்தினார். ஐம்பத்து மூன்று. போனில் இருந்ததும் அதற்குப் பக்கத்தில்தான்.

முதலில் அசைந்தது மாமியார்தான். பெட்டியிலிருந்த நல்ல கொத்தாகப் பார்த்துக் கை நிறையப் பிடுங்கி, என் வாயில் திணித்தார். "தின்னு தாயி, மென்னு தின்னு, இந்தா, இன்னும் தின்னு" என்று. தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்து, அந்த வருசத்தில் நான் தின்ற முதல் பழம் அது. சாறு கழுத்தில் வழிந்தது. என் வீட்டுக்காரர் பேனாவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. அப்பாடா! அந்த உதையில்தான் எங்கள் எல்லோருக்கும் உசுரே வந்தது.

டாக்டரம்மா பிறகு சொன்னார். பழத்துச் சாறு விரலில் ஒட்டியிருந்தால், ஒரு சொட்டு ரத்தத்தில் அதுவும் கலந்துவிடும். மிஷின் இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணும். ஸ்பிரிட்டால் துடைத்தால் அது முழுசாகப் போகாது, தண்ணீரில் கழுவினால்தான் போகும். ஆராய்ச்சி செய்து பார்த்தவர்கள் இதை எழுதியும் இருக்கிறார்களாம். காலையில் வீட்டில் பார்த்தபோது ஏன் சரியாக இருந்தது, ஷெட்டில் பார்த்தபோது ஏன் ஏறியது என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. இல்லாத சர்க்கரைக்குத்தான் ஊசியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். டாக்டரம்மா அன்றே அளவைப் பாதிக்கு மேல் குறைத்தார். "அட்மிட்டெல்லாம் வேண்டாம், மாசம் முழுசும் ஆகட்டும்" என்றார். திரும்புகிற பஸ்ஸில் சின்னமனூர் வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். மாமியார்தான் வாயே திறக்கவில்லை.

நாள் நிறைந்து மகள் பிறந்தாள். அளவான எடை. சர்க்கரை இருந்த தாயின் பிள்ளை என்பதால் குதிகாலில் குத்திப் பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள். மாமியார் தொட்டிலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"நில்லு தாயி. பிள்ளை காலைத் தொடச்சியா?"

"ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டேன் பாட்டி."

"ஸ்பிரிட்டு ஆகாது. தண்ணி தொட்டுத் தொட. உன் கையையும் கழுவிட்டு வா."

"பச்சைப் பிள்ளை பாட்டி, அது என்ன பழமா தின்னுச்சு?"

"என் மருமகளுந்தான் திங்கல. இந்த மிஷினு அவளைத் திருடின்னு சொல்லிச்சு. என் பேத்தியையும் சொல்ல விடமாட்டேன்."

மிஷினா சொன்னது, நீங்களல்லவா சொன்னீர்கள் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு குழாயைத் திறந்தாள். தையல் வலியோடு நான் சிரித்தேன், அழுதேன். பிள்ளைக்குச் சர்க்கரை சரியாக இருந்தது.