முதல் மூன்று சுற்று விரலால்

கதவுக்குக் கைப்பிடி மாட்டியவன் பெயரை யாரும் கேட்பதில்லை. கைப்பிடி கையோடு வந்துவிட்டால்தான் ஆள் அனுப்பித் தேடுவார்கள். ஒரு வேலையில் பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு, பிறகு வயிற்றுப்பாட்டுக்காக வேறொரு வேலையின் வாசலில் போய் நின்றவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். நான் பட்டாசுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் நோட்டீசும் சிறு பிரசுரமும்தான். குறிப்பில்லாமல் இரண்டு மணி நேரம் பேசுவேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை ஒரு போல்ட்டை என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேர்க்கும்போது போட்ட நிபந்தனை

இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு சிவகாசியிலிருந்து சாத்தூர் வரை எந்தக் கம்பெனியும் என்னைத் தன் கேட்டுக்குப் பக்கத்தில்கூட நிற்க விடவில்லை. சங்கம் இரண்டாக உடைந்து, இரண்டு பக்கமும் என்னைத் துரோகி என்றது. கடைசியில் திருத்தங்கலில் கதவு வேலை எடுத்துச் செய்த செல்லத்துரை என்னைச் சேர்த்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வேலை இடத்தில் அரசியல் பேசக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

வேலை பார்க்கச் சுலபமாகத்தான் தெரியும். கைப்பிடியின் இரண்டு கால்களுக்குள்ளும் மரை, அதாவது திருகுப் பள்ளம், வெட்டியிருக்கும். கதவின் மறுபக்கத்திலிருந்து போல்ட் நுழைந்து வந்து அந்த மரையில் ஏற வேண்டும். துளை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் போல்ட் கோணலாகக் கடித்துக்கொண்டு ஏறும். அதனால் முதலில் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். இரண்டு மரையும் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் திருப்ப வேண்டும். முதல் மூன்று சுற்று விரலால்தான். அது சிக்காமல் ஓடினால் மட்டுமே ஸ்பேனரைத் தொடலாம். முதல் நாள் நான் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைப் போட்டதைப் பார்த்துவிட்டு செல்லத்துரை சொன்னார்: “நோட்டீஸ் எழுதத்தான் அண்ணாச்சி வேகம் வேணும். இதுக்கு வேண்டாம்.”

தேக்குக் கதவு

விருதுநகரில் ஒரு பெரிய வீட்டுக்கு முன்வாசல் கைப்பிடி மாட்டப் போனோம். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, நான் ஒரு காலத்தில் நாற்பது நாள் கேட் முன்னால் உட்கார்ந்து போராடிய கம்பெனியின் முதலாளி வீடு அது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். செல்லத்துரை என் முகத்தைப் பார்த்துவிட்டு டிரில்லை என் கையில் கொடுத்தார்.

முதலாளி காபி டம்ளரோடு வந்து நின்று நான் வேலை செய்வதைக் கடைசி வரை பார்த்தார். நானும் நிமிரவில்லை. இரண்டு போல்ட்டும் வெண்ணெயில் போவது போலப் போயின. அவர் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “அன்னைக்கு உள்ள வரணும்னு நாப்பது நாள் கத்தினீரு. இப்படி ஸ்பேனரோட வந்திருந்தா அன்னைக்கே விட்டிருப்பேனே தோழரே.”

இறுக்கம்

திருத்தங்கலில் ஒரு அச்சகம். காலண்டர் சீசன். வேறொரு கதவு வேலைக்குப் போயிருந்தேன். கைப்பிடியை அங்கிருந்த மெஷின் ஆளே மாட்டியிருந்தார். ஒரு போல்ட் கோணலாக ஏறியிருந்தது எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. கழற்ற ஆரம்பித்தேன். கோணலாக ஏறிய போல்ட்டின் குணம் இது: சரியாக ஏறியதைவிட அதுதான் இறுக்கமாக இருக்கும். ஒன்றரைச் சுற்றிலேயே நின்றுவிடும். கையால் அசைத்தால் அசையாது. ஓங்கி ஒரு இழுப்பு இழுக்கும்போதுதான் அது எதையும் பிடித்திருக்கவில்லை என்று தெரியும். எங்கள் சங்கத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி நினைக்கவில்லை. அச்சகக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இம்புட்டு இறுக்கமா இருக்கதை எதுக்குய்யா கழத்துதீரு?”

ஏழாம் நம்பர் அறை

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறைகளுக்கெல்லாம் புதுக் கதவு போட்டார்கள். அறைக்கு இரண்டு கதவு. எல்லாம் வெளிப்பக்கம் திறக்கிற கதவு, தாழ்ப்பாள் கிடையாது. இதைக் கேட்டுத்தான் நான் பத்து வருஷம் தொண்டை கிழியப் பேசினேன். இரும்பு உரசினால் பொறி வரும் என்பதால் போல்ட், கைப்பிடி எல்லாம் பித்தளை. பித்தளை மென்மையானது, தப்பாக ஏறினால் மரை சுலபமாகச் சிதையும். செல்லத்துரைக்கு அன்று வேறு இடத்தில் வேலை. என்னை மட்டும் அனுப்பினார்.

அங்கே ராசக்கனி இருந்தாள். பழைய சங்கத்துப் பெண். என் கேட் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்ததற்காக இரண்டு வருஷம் வேலை இல்லாமல் கிடந்து, ஆள் மேல் ஆள் பிடித்து மறுபடி உள்ளே வந்தவள். பட்டாசுச் சரம் பின்னுவதில் அவளைப் போல விரல் ஓடுகிறவர் அந்த ஆலையில் இல்லை. ஏழாம் நம்பர்தான் அவள் அறை. அன்று அறைகளைக் காலி செய்து கழுவி விட்டிருந்ததால் பெண்கள் எல்லாரும் பக்கத்துக் கொட்டகையில் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகச் சம்பளத்தோடு லீவு உண்டா என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். அவ்வளவுதான். எனக்கு மேடை கிடைத்துவிட்டது.

ஏழாம் நம்பரின் வெளிக் கைப்பிடியில் கீழ்ப் போல்ட்டை முடித்தேன். மேல் போல்ட்டைத் துளையில் வைத்தபோது லீவு என்பது சலுகையா உரிமையா என்ற இடத்துக்குப் பேச்சு வந்திருந்தது. விரல் வைக்க மறந்தேன். நேரே ஸ்பேனரைப் போட்டேன். ஒன்றரைச் சுற்றில் நின்றது. என் கைக்குத் தெரிந்தது. கழற்றிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி யாரும் என்னைப் பார்த்து ஏழெட்டு வருஷமாகியிருந்தது. நான் எட்டாம் நம்பருக்குப் போய்விட்டேன். புறப்படும்போது ராசக்கனி தன் அறைக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க மாட்டுன கதவு அண்ணே. இனி பயமில்லாம உக்காருவேன்.”

கையோடு வந்தது

ஐப்பசி மழையில் கதவுகள் ஊறிச் சட்டத்தோடு இறுகிக்கொண்டன. தீபாவளி லோடு போகிற அவசரத்தில் ஏழாம் நம்பரின் இன்னொரு கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நான் அங்கே இல்லை. உள்ளே இருந்த செல்வி என்ற பெண் சொன்னதைச் சொல்கிறேன். மூலையில் கிடந்த மருந்து புகைந்தது. ராசக்கனி தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாள். செல்வி உள்ளேயிருந்து கதவைத் தள்ளினாள், வரவில்லை. ராசக்கனி ஓடி வந்து வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். மேல் கால் பிடுங்கிக்கொண்டு வந்தது. கைப்பிடி கீழ்க் காலில் தொங்கியது. அவள் விழுந்து எழுந்தாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்த இழுப்பில் விட்டிருந்த இடுக்கில் வலது கை விரல்களை விட்டு இழுத்தாள். கதவு திறந்தது. தீயும் அந்த இடுக்கு வழியாகத்தான் முதலில் வெளியே வந்தது.

செல்வி முதுகில் காயத்தோடு பிழைத்தாள். ராசக்கனிக்கு இரண்டு விரல் போயிற்று. மீதி மூன்றும் மடங்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த ஆலையின் போர்மேன், யாரும் கேட்காமலே, என்னிடம் சொன்னான்: “இம்புட்டு வெறியா இழுத்தா எந்தக் கைப்பிடிதான் தாங்கும்?”

தீப்பெட்டியில் வந்த போல்ட்

கதவை மாற்றிக் கொடுக்கச் சொல்லி கம்பெனி செல்லத்துரையைக் கூப்பிட்டிருக்கிறது. திரும்பி வந்தவர் என் வீட்டுக்கு வந்து ஒரு தீப்பெட்டியை நீட்டினார். குச்சி இல்லை. பழைய கதவிலேயே தங்கிவிட்ட மேல் போல்ட் இருந்தது. நுனியில் மரை ஒரு பக்கம் மட்டும் மழுங்கி மொட்டையாக இருந்தது. இந்தத் தொழிலில் உள்ளவனுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. நான் பித்தளை மட்டமானது என்றேன். துளை சாய்வாக இருந்திருக்கலாம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தார். “இது உங்க கை செஞ்ச தப்பு இல்லை அண்ணாச்சி. வாய் செஞ்சது.”

நான்கு பக்க நோட்டீஸ்

நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நோட்டீஸ் எழுதினேன், நான்கு பக்கம். அடைத்துக் கிடந்த இன்னொரு கதவு, மழையில் ஊறிய மட்டமான பலகை, சீசன் அவசரம், எல்லாம் எழுதினேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. கைப்பிடியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதை எழுதினால் ஆலை முதலாளி முழுப் பழியையும் என் மேல் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்வார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் சரியானதுதான். ஆனால் அது எழுதி முடித்த பிறகு கிடைத்த காரணம்.

பேருந்து நிலையத்தில் கொடுத்தேன், ஆலை வாசலில் கொடுத்தேன், பழைய தோழர்கள் கை குலுக்கினார்கள். ஒரு பிரதியை ராசக்கனி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவளுக்குப் படிக்க வராது. செல்விதான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். ராசக்கனி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் கேட்டாள்.  முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: “எல்லாம் எழுதியிருக்கீக. கைப்பிடி என் கையோட வந்ததை எழுதலையே அண்ணே?”

கால் பக்க நோட்டீஸ்

 இரண்டு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுகிறவன் நான். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அடுத்த வாரம் கால் பக்கத்தில் இன்னொரு நோட்டீஸ் போட்டேன்: ஏழாம் நம்பர் கதவின் கைப்பிடியை மாட்டியவன் நான். மேல் போல்ட் கோணலாக ஏறியது எனக்கு அப்போதே தெரியும். சரி செய்யாமல் போனேன். இன்னொரு கதவை அட்டைப்பெட்டியால் அடைத்தது கம்பெனி. நாலே வரி. அன்று மாட்டிய மற்றக் கைப்பிடிகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆலைக்குப் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

ஆனால் நான் எழுதியதில் ஆலை முதலாளியே கேட்டில் ஒட்ட வைத்த ஒரே நோட்டீஸ் அதுதான். கடைசி வரியை மட்டும் கத்தரித்துவிட்டு ஒட்டியிருந்தார்கள். பழைய தோழர்கள் என்னைப் பார்த்தால் தெருவின் எதிர்ச் சாரிக்குப் போனார்கள். செல்லத்துரை முழு நோட்டீசையும் இரண்டு தடவை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இதுல திருத்த ஒண்ணுமில்லை அண்ணாச்சி. மத்தக் கைப்பிடியெல்லாம் நான் போய் கழத்திப் பாத்துட்டு வாரேன். நீங்க நாளையிலேருந்து வர வேண்டாம்.”

முழங்கைக்கு ஒரு கைப்பிடி

ராசக்கனி இப்போது வீட்டில் இருந்தே இடது கையால் லேபிள் ஒட்டுகிறாள். இடது கையில் சாமான் இருந்தால் அவளால் வீட்டுக் கதவைத் திறக்க முடியவில்லை என்று செல்வி சொன்னாள். முழங்கையால் அழுத்தினால் திறக்கிற நீளக் கைப்பிடி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். என்னை உள்ளே விடுவாளா என்றுகூடத் தெரியாது. வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு விலகி வழி விட்டாள்.

துளை போட்டேன்.  கம்பெனி மேல் நடக்கிற விசாரணையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். இந்த முறை சும்மா விடமாட்டோம் என்பது வரை வந்திருப்பேன். அவள் மடங்காத கையால் என் தோளைத் தொட்டாள். “பேசாம மாட்டுங்க அண்ணே.”

முப்பது வருஷம் மேடையில் பேசி ஒரு கம்பெனி கேட்டையும் திறக்க முடியாமல், பேசிக்கொண்டே ஒரு கதவை மூடிவிட்டவன் சொல்கிறேன்: போல்ட்டை விரலால் தொடங்குங்கள், மூன்று சுற்று முடிகிற வரை வாயைத் திறக்காதீர்கள்.