தண்ணீரில் இறங்காத ஞாயிறு

சனிக்கிழமை காலை ஆறரைக்கு, மியூனிக்கை ஒட்டி நான் இருக்கும் கார்ஹிங்கில் பாதாள ரயில் ஏறினேன். மியூனிக் பெரிய நிலையத்தில் வண்டி மாறி, கொலோனில் இன்னொரு முறை மாறி, வுப்பர்டால் போக வேண்டும். கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர். முன்பதிவு செய்ததால் ஐம்பத்து நான்கு யூரோவோடு போயிற்று. ஜெர்மன் ரயில் ஒரு நிமிடம்கூடத் தவறாது என்று ஊரில் அடித்துச் சொன்ன என் சித்தப்பாவை அன்று கொலோன் நடைமேடையில் உட்கார வைத்திருக்க வேண்டும். ஐம்பது நிமிடம் தாமதம்.

மதியம் ஒன்றரைக்கு வுப்பர்டாலில் இறங்கினேன். அழைத்துப் போக வந்திருந்தவர் ராணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், அங்குள்ள சிறிய தமிழ்ச் சபையின் போதகர் ஜெயசீலன் அண்ணையின் மனைவி. போன கோடையில் ஒரு ஜெபக்கூடுகையில் பழக்கமானவர். மறுநாள் சபையில் ஒரு பெண்ணுக்கு ஞானஸ்நானம், அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். இந்த ஊரில் ரயில் ஆற்றுக்கு மேலே, உயரத்தில் போகும் தண்டவாளத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓடுகிறது. வளைவில் பெட்டி ஒருபக்கம் சாய்ந்தபோது நான் கம்பியை இறுகப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு ஜெர்மன் கிழவி நிம்மதியாக ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு, சபை வாடகைக்கு எடுத்திருக்கும் ஜெர்மன் தேவாலயத்தின் பின்கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் ஆரணி. இந்து வீட்டுப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். முதியோர் பராமரிப்பில் Ausbildung என்னும் தொழிற்பயிற்சியை முடித்து, அடுத்த வாரம் ஹனோவரில் வேலைக்குச் சேரப் போகிறாள். அவளுடைய அம்மா ஒரு வருடம் சண்டை போட்டுக் கடைசியில்தான் சம்மதித்தாராம். அம்மா கதவோரம் தனியாக, முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார்.

இந்தச் சபையில் ஒரு வழக்கம். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், எடுக்கக்கூடாது என்ற பக்கம் நின்று ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். அகதியாக வந்த காலத்தில் தனிமை தாங்காமல், நாலு தமிழ் முகம் பார்க்கவென்றே பலர் தண்ணீரில் இறங்கிப் பிறகு வராமலே போனதை ஜெயசீலன் அண்ணை பார்த்திருக்கிறார். அதிலிருந்து வந்த வழக்கம் இது. கேட்கிறவர் வெளியாளாக இருந்தால் நல்லதாம்.

“தங்கச்சி, நீங்கள்தான் கேக்கோணும். எங்களுக்கு ஏலாது, பிள்ளையில பாசம் கூடிப்போச்சு,” என்றார் அண்ணை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் ஊரில், சபையின் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் வகுப்பில் கேள்வியும் அச்சடித்து வரும், பதிலும் அச்சடித்து வரும், மனப்பாடம் செய்து ஒப்பித்தால் வெள்ளைச் சேலை. என்ன கேட்பதென்றே தெரியாமல் திருத்துவம், இரட்சிப்பு என்று சுற்றினேன். ஆரணி பளிச்சென்று பதில் சொன்னாள். முடிக்கலாம் என்று நினைத்து, கடைசியாக வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

“நாளைக்கே இந்தச் சபை கலைஞ்சு போயிடுதுன்னு வச்சுக்கோங்க. இவங்க யாருமே இல்ல. அப்பவும் எடுப்பீங்களா?”

இதற்கு மட்டும் ஆரணி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யாரும் அவளுக்குப் பதில் எடுத்துக் கொடுக்கவில்லை. அண்ணை ஜெபம் செய்து அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை பத்து மணி. மேடைப் பலகைகளைத் தூக்கி, கீழே இருந்த ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பி, வெந்நீர் கலந்து வைத்திருந்தார்கள். அடுக்களையில் ராணி அக்காவின் ஆட்டிறைச்சிக் கறி மணத்தது. வெள்ளை அங்கி நாற்காலியில் மடித்துக் கிடந்தது. ஆரணி அதைத் தொடாமல், நீல ஸ்வெட்டரோடு ஒலிவாங்கி முன் போய் நின்றாள்.

“நான் இண்டைக்கு எடுக்கேல்லை. எனக்கு உங்கள் எல்லாரிலயும் சரியான விருப்பம். ஆண்டவரிலயும் அப்பிடியோ எண்டு இன்னும் தெரியேல்லை. நீங்கள் இல்லாத இடத்தில இருந்து பாக்கப்போறன்.”

ஒரு வருடம் காத்திருந்த சபை, சமைத்து முடித்த விருந்து, எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் கெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பெரியவர்கள் அவளைத் தனியறைக்குக் கூட்டிப்போய்ப் புத்தி சொல்லியிருப்பார்கள். ஜெயசீலன் அண்ணை எழுந்து, “ஓம் பிள்ளை,” என்றார். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, அவள் ஹனோவர் போவதற்காக ஜெபித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே குனிந்து தொட்டியின் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடியவிட்டார். நான் இத்தனை வருடம் கேட்ட பிரசங்கங்களில் எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது.

சாப்பாட்டு மேசையில் ராணி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தார்.

“ஞானஸ்நானத்துக்குச் சமைச்சதில்லை, தங்கச்சி. பிள்ளைக்குச் சமைச்சது. சாப்பிடுங்கோ.”

ஆரணியின் அம்மா முதலில் சாப்பிட வரவில்லை. பிறகு வந்தார். மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார்.

மூன்றரை மணி வண்டிக்கு என்னை ஏற்றிவிட அம்மாவும் மகளும் வந்தார்கள். இந்த வண்டி நேரத்துக்கு வந்து தொலைந்தது. நான் பெட்டியின் படியில் கால் வைத்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“உங்களுக்குக் கன இடத்தில ஆக்களைத் தெரியும்தானே. ஹனோவரில இப்பிடி ஒரு சபை இருக்கோ எண்டு விசாரிச்சுச் சொல்லுறீங்களோ? இவள் அங்கை தனிய.”

ஒரு வருடம் சண்டை போட்ட அம்மா கேட்கிறார். விசாரிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“வேண்டாம் அம்மா,” என்றாள் ஆரணி. “இருந்தா நானே தேடிப் போவன்.”