குழந்தைக்கு ஃப்ரீ

போன வாரம் எங்கள் திருச்சானூர் லாட்ஜ் ரிசப்ஷனில் ஒரு கூட்டம். வெளிநாட்டுப் போலீஸ் அதிகாரி ஓர் அம்மையார், அவர் பேசுவதைத் தமிழில் சொல்லச் சென்னையிலிருந்து வந்த பெண், நம்மூர் எஸ்.ஐ., ஓனர், அறைகளைச் சுத்தம் செய்யும் எல்லம்மாக்கா, ரிசப்ஷனிஸ்ட்டான நான். வராதது ஒருத்தி மட்டும்தான். யாருக்காக இத்தனை பேரும் கூடினோமோ, அந்தச் சிறுமி.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் எங்களிடம் தங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் இப்போது அவர் நாட்டில் கைதாகியிருக்கிறார். சுற்றுலா போன ஊர்களில் குழந்தைகளிடம் தப்பாக நடந்தார் என்று வழக்கு. எந்த நாட்டில் செய்தாலும் சொந்த நாட்டிலேயே விசாரிக்க அங்கே சட்டம் இருக்கிறதாம். அவரோ, 'இந்தியாவில் எந்தக் குழந்தையையும் நான் எங்கும் கூட்டிப் போனதில்லை' என்று சாதிக்கிறார். அது பொய் என்று காட்ட எங்கள் ரிஜிஸ்டர் வேண்டும்.

பெருமையாகத்தான் எடுத்து நீட்டினேன். பெயர், பாஸ்போர்ட் எண், விசா தேதி... எல்லாம் என் கையெழுத்து. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் எழுதியது — ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

"குழந்தையின் பெயர் எங்கே?" என்று கேட்டார் அதிகாரி.

இல்லை. 'ஆட்கள்: 1'. அவ்வளவுதான். எங்கள் லாட்ஜில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே வாடகை இல்லை. வாடகை இல்லாதவருக்குப் பெயர் எதற்கு?

"குழந்தைகளுக்கு ஃப்ரீ, மேடம்" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"பேரு சுகுணா. சூளூர்பேட்டை" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். எல்லம்மாக்கா. "அன்னிக்கே சொன்னேனே நைனா, நீ காதுல போட்டுக்கினியா?"

சொன்னார்தான். "அந்தாளோட பேரு இன்னான்னுகூட அதுக்குத் தெரில. அங்கிள் அங்கிள்னுகினு கீது. இட்லி குடுத்தா துன்ன மாட்டேங்குது. இன்னா ஏதுன்னு கேளு" என்றார். நானும் போய்க் கேட்டேன்... இங்கிலீஷில். இந்தப் பெண்ணைப் படிக்க வைக்கப் போவதாகச் சொன்னார் அவர். வீட்டார் கொடுத்த கடிதம் இருப்பதாகச் சொன்னார். கூடவே, என் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அதற்கப்புறம் நான் அந்தக் கடிதத்தைக் கேட்பேனா?

"பெரிய மனுஷன்க்கா" என்று வந்து சொன்னேன். எல்லம்மாக்கா நம்பவில்லை. அந்த ஆள் குளிக்கப் போன நேரத்தில் சுகுணாவைப் பின்படி வழியாக இறக்கி, ரயிலேற்றி, சூளூர்பேட்டையில் அவள் அம்மாவிடமே கொண்டு போய் விட்டார். குளித்துவிட்டு வந்த பெரிய மனுஷன் குழந்தை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியோடு இறங்கி வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். படிக்க வைக்கிறவர் தேடியிருக்க மாட்டாரா? அதுவும் அன்று எனக்கு உறைக்கவில்லை.

"இதைக் கோர்ட்டில் சொல்வீர்களா? இங்கிருந்தே டி.வி. வழியாகப் பேசலாம்" என்றார் அதிகாரி.

"சொல்றேன். அந்தப் பொண்ண மட்டும் இஸ்துக்கினு வந்து நிக்க வெக்காதீங்க. இப்பதான் பயம் தெளிஞ்சி ஸ்கூலுக்குப் போய்க்கினு கீது."

அம்மா சம்மதிக்காமல் அவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தார் அதிகாரி. எல்லம்மாக்கா சொன்னதை எழுதிக்கொண்டு கைரேகை வாங்கினார்கள். எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார்: "ஏமய்யா டிகிரி, நீ எழுதுன புக்ல அந்தப் பாப்பா இல்ல. எழுதத் தெரியாத அக்காகிட்ட கீது, பாத்தியா?"

பார்த்தேன். இரண்டு நாட்டுச் சட்டம், ஒரு விமானப் பயணம், ஒரு மொழிபெயர்ப்பாளர் — எல்லாம் நான் எழுதாமல் விட்ட மூன்றெழுத்துக்காக.

மறுநாள் திருப்பதியில் ரிஜிஸ்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸுக்குப் போனேன். புது ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: 'குழந்தையின் பெயர், கூட்டி வந்தவர் என்ன உறவு'.

அதற்குத் தனியாக எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பத்து ரூபாய் என்றார் பிரஸ்காரர்.