குடிக்காதவன் கட்டிக்கொண்ட கயிறு

நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. அந்த வாசனையே எனக்குக் குமட்டும். அப்படிப்பட்ட நான், குடியை விட்டுத் திருந்தியவன் என்று மாமல்லபுரத்தில் பேர் வாங்கினேன். வாங்கித் தந்தவை என் கால்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், கடலோரத்து ஓட்டல் ஒன்றில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்தேன். புல்லுக்குத் தண்ணீர் விடுவது, மணலில் வெள்ளைக்காரர்களுக்கு நாற்காலி போடுவது, அவர்கள் போனதும் எடுத்து அடுக்குவது. என் மனைவிக்கு அங்கேயே துணி துவைக்கும் வேலை. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவனுக்கு, நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவனுக்கு, அதைவிடத் தோதான வேலை கிடைக்காது. புல் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு கோடையில் இடது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. காலையில் ஒழுங்காக நடப்பேன். வெயில் ஏறியதும் கால் இழுக்கும், உடம்பு சாயும். செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அதுகூடத் தெரியாமல் நான் போய்க்கொண்டிருப்பேன். மாலையில் கடல்காற்று வந்தால் பாதி சரியாகிவிடும். எங்கள் மேனேஜருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. காலையில் நேராக நடக்கிறான், மதியம் தள்ளாடுகிறான், பக்கத்திலேயே ஒயின்ஷாப் இருக்கிறது. அவர் பட்டம் வாங்கியவர்.

"ஊதுய்யா" என்பார் தினமும். அவர் மூக்குக்கு நேராக ஊதுவேன். கருவாட்டுக் குழம்பைத் தவிர வேறெதுவும் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "வாசன வராத சரக்கா பாத்து அடிக்கிறான்."

உண்மையான குடிகாரர்களுக்கு என்மேல் வேறு கோபம். ஓட்டல் சமையல்காரன் ஒருநாள் என்னை மடக்கினான்.

"அண்ணாத்த, வாசனையே இல்லாம எங்க ஊத்திக்கினு வர? எங்களுக்கும் அந்த எடத்த சொன்னா கொறஞ்சா பூடுவ?"

"நான் குடிக்கிறதில்லபா."

"த்தோடா! இன்னா கஞ்சத்தனம் பாரு."

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்கள் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டிய பிறகு குடித்தால் அம்மன் சும்மா விடமாட்டாள். நான் கயிறு கட்டிக்கொண்டு வந்தால்தான் வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"குடிக்காத ஆளுக்கு இன்னாத்துக்கு சார் கயிறு?" என்றாள் என் மனைவி.

"குடிக்காதவனுக்குக் கட்டிக்கிறதுல என்னம்மா கஷ்டம்?"

படித்தவர் கேட்கும் கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியுமா? போனோம். பூசாரியிடமும் அவள், "இவுரு குடிக்கிறதே இல்ல சாமி" என்றாள். இத்தனை காலத்தில் இப்படிப் புருஷனை விட்டுக்கொடுக்காத பெண்ணைத் தான் பார்த்ததில்லை என்று பூசாரி கண் கலங்கிவிட்டார். எனக்கு இரண்டு சுற்று அதிகமாகக் கட்டினார்.

ஐப்பசி மழை பிடித்தது. உடம்பு குளிர்ந்ததும் கால் நேராக விழ ஆரம்பித்தது. ஓட்டல் முழுக்க அம்மன் புகழ். மேனேஜர் என் மணிக்கட்டைத் தூக்கி விருந்தாளிகளுக்குக் காட்டினார். வெள்ளைக்காரி ஒருத்தி என் கயிற்றைப் படம் பிடித்துக்கொண்டாள்.

பங்குனி வந்தது, வெயிலும் வந்தது. கையில் கயிற்றோடு தள்ளாடினேன். இப்போது நான் வெறும் குடிகாரன் இல்லை, அம்மனை ஏமாற்றிய குடிகாரன். சமையல்காரன்கூட என் பக்கத்தில் உட்காரப் பயந்தான்.

மனைவி என்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காலை நேரம். டாக்டர் நடக்கச் சொன்னார். அன்று பார்த்து என் கால் ராணுவ வீரனைப்போல் நடந்தது.

"நல்லாத்தானே நடக்கிறாரு?"

"ஃபேனுக்குக் கீழ நல்லாத்தான் நடப்பாரு டாக்டரே. வெயில்ல நடக்க வுட்டுப் பாரு."

நல்ல மனிதர். உச்சி வெயிலில் ஆஸ்பத்திரி வளாகத்தைச் சுற்றி வரச் சொல்லி, தானும் பின்னாலேயே வந்தார். திரும்பி வந்தபோது என் செருப்பு அவர் கையில் இருந்தது. அப்புறம் மெட்ராஸில் பெரிய மெஷினுக்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலுறை ஒயர் ரப்பர்போல அங்கங்கே உரிந்துவிட்டதாம். உடம்பு சூடானால் கரண்ட் சரியாகப் போகாதாம். முழுசாகக் குணமாகாது, வெயிலில் நிற்காதே, நடப்பதை மட்டும் நிறுத்திவிடாதே, குளிர்ந்த நேரத்தில் தினமும் நட என்றார் டாக்டர்.

எனக்குச் சந்தோஷம். குணமாகாத நோய் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மனைவியோடு போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"நோயா? நாளைக்கு கெஸ்ட் முன்னாடி விழுந்து வச்சா யார் பதில் சொல்றது? குடிகாரன்னா திருத்தலாம்யா. நோயாளிய வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? நாளையிலேர்ந்து வராத."

நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நோயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார். நேத்திகூட ஊத்திக்கினுதான் வந்தாரு. மானம் பூடுதேன்னு டாக்டர் பேர சொல்லிகினு கீறாரு. இன்னொரு கயிறு கட்டிடறேன் சார்."

மேனேஜருக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்படிச் சொல்லு! எனக்கு அப்பவே தெரியும்" என்றார். தண்டனையும் சொன்னார். காலையும் மாலையும் தோட்டம். மதியம் முழுக்க அவர் கண்ணெதிரே, அவருடைய ஏசி அறையில் உட்கார்ந்து மேசைத் துணிகளை மடிக்க வேண்டும். ஒயின்ஷாப் பக்கம் தலைகாட்ட முடியாதாம்.

விடியற்காலையில் ஈர மணலில் நடந்தேன், மதியத்தில் ஏசியில் தண்டனை அனுபவித்தேன். தள்ளாட்டம் குறைந்தது. தன் பார்வைதான் என்னைத் திருத்தியது என்று மேனேஜர் சொல்லிக்கொண்டார். பாவம், அம்மனுக்குப் பங்கு கொடுக்கவில்லை.

அடுத்த கோடையில் சமையல்காரன் மாட்டினான். நான் துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குள் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேனேஜர், "ஊதுய்யா" என்றார். அவன் ஊதினான். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர் வரைக்கும் பின்வாங்கினார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏதோ யோசித்தார்.

என் வேலை அந்த யோசனையில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்காமல் வாய் திறக்காதவன் அன்று திறந்தேன்.

"நானும் அப்ப இப்படித்தான் சார் நாறிகினு இருந்தேன். உங்களுக்குத்தான் அப்ப ஜலதோஷம்."