ரெண்டு தறிக்காரரும் கஞ்சிப் பாவும்

வெண்ணந்தூர் தெய்வநாயகி போட்ட சத்தம் திருச்செங்கோட்டு மலை வரைக்கும் கேட்டது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. காரணம் ஒரு கட்சி.

ரெண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். ஒற்றைத் தறி நெய்துகொண்டிருந்த அவள் புருஷன் தண்டாயுதபாணி ஊர்த் தொழிலாளர் கழகத்தில் இருந்தார். ரெண்டு தறி வைத்திருப்பவன் தொழிலாளியா முதலாளியா என்று அங்கே ஓயாத சண்டை. முதலாளிதான் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தவர், ‘உண்மைத் தொழிலாளர் கழகம்’ தொடங்கினார். அவரோடு சேர்ந்தது கிளப்புக்கடை தங்கசாமி, வண்டிக்கார அருணகிரி. ரெண்டு பேரும் தறிக்குழியில் கால் வைத்ததே இல்லை.

ரெண்டு தறி வைத்திருந்தவர் வேறு யாருமில்லை, எதிர்வீட்டில் இருந்த தெய்வநாயகியின் அண்ணன் தங்கமுத்துதான். தறியில் ஏற்றும் பாவு நூலைக் கஞ்சி தோய்த்துத் தெருவில் நீட்டி, ஒரு முனையை முளையில் கட்டி, மறுமுனைக் கழியை ஆட்கள் இழுத்துப் பிடித்தால்தான் இழைகள் ஒட்டாமல் காயும். அண்ணன் வீட்டார்தான் எப்போதும் வந்து பிடிப்பார்கள். இனி முதலாளி கை நம் பாவில் படக்கூடாது என்றார் புருஷன். நூலே கிடைக்காத நேரம். இந்தப் பாவு கெட்டால் தறியும் கிடையாது, அடுப்பும் கிடையாது.

“பின்ன யாருங்க பிடிப்பா?”

“தோழருங்க பிடிப்பாங்க புள்ள.”

“அவங்களுக்குப் பாவு எது, பாய் எதுன்னு தெரியுமுங்களா?”

மூவரும் பிடித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இழைகள் பிரியப் பாவின்மேல் பிரஷ் இழுத்தாள். வெயில் ஏற ஏறப் பாவு தொய்ந்தது.

“இன்னொரு கை வேணுமுங்க. உங்க மச்சானைக் கூப்பிட்டா என்னுங்க?” என்றார் அருணகிரி.

“அது கொள்கை விசயம். ஓட்டுக்கு உடோணும்,” என்றார் தண்டாயுதபாணி. “கூப்பிடக் கூடாதுங்கறவங்க கை தூக்குங்க.”

கேட்ட அருணகிரி உட்பட மூவரும் தூக்கினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பாவு புழுதியில் கிடந்தது.

“அண்ணா, ஓடியாங்க. இவங்க ஓட்டுப் போட்டுட்டாங்க.” தெய்வநாயகி போட்ட சத்தம் இதுதான்.

தங்கமுத்து சாப்பிட்ட கையோடு வந்தார். “மாப்பிள்ளை, தீர்மானத்தை நீங்களே வெச்சுக்குங்க. கழியை இப்படிக் குடுங்க.”

தண்டாயுதபாணி கொடுத்துவிட்டார். ஓர் இழைகூட அறுந்துபோகாமல் பாவு பிழைத்தது என்று முடித்திருப்பேன். நான் இதைச் சொல்லும்போது பக்கத்தில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த தங்கமுத்துவின் மனைவி வள்ளியாத்தாள் விடவில்லை.

“அறுந்துபோகலையா? நானும் நாயகியும் பொழுது சாயுமட்டும் குனிஞ்சு அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டோம். கை தூக்குனவங்க ஒருத்தரும் அந்தப் பக்கம் வரலீங்க.”