பின்வாசல் சாக்கு

குவைத்தில் நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழப்பார்த்தார். மறுநாளே ஒரு நர்ஸ் வந்து வீடு முழுக்க நடந்து, எங்கே கால் இடறும், எங்கே வழுக்கும் என்று எனக்குக் காட்டினாள். மடிந்த கம்பள ஓரம், வழியில் கிடக்கும் ஒயர், வெளிச்சமில்லாத மூலை. அந்த வாரமே சுவரெல்லாம் கைப்பிடிகள் வந்துவிட்டன. அவற்றைத் துடைக்கும்போதெல்லாம் ஆந்திர எல்லையோரம் பாலசமுத்திரம் பக்கத்தில் தனியாக இருக்கும் என் நைனாவையும் அம்மாவையும் நினைத்துக்கொள்வேன்.

நைனாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. காலமெல்லாம் அடுத்தவர் கரும்பை வெட்டிவிட்டு, கடைசியில்தான் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் வீடும் பார்த்தவர். டைல்ஸைச் சித்தூருக்குப் போய் அவரே பொறுக்கி எடுத்தார். நல்ல பளபளப்பு. தண்ணீர் பட்டால் யாரும் நிற்க முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு ஓய்வு. வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். அம்மா போனைப் பிடித்தால் அவள் காதும் ஃபேனும்தான் தெரியும்.

"மா, தரையக் காட்டு."

"தரையில இன்னாடி கீது பாக்க? சாப்ட்டியா நீ?"

"போலீசுகாரி மாதிரி வூட்ட சோதன போட்டுக்கினு கீறா பாரு," என்று பின்னாலிருந்து நைனாவின் குரல்.

குளியலறைக்கு வந்ததும் படம் உறைந்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். சிக்னல் இல்லை. இப்படியே மூன்று நான்கு வெள்ளிக்கிழமைகள் போன பிறகுதான் வீட்டை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். ஃப்யூஸ் போன பல்பு, வழியை மறித்த ஒயர், பின்வாசலில் மிதியடியாகப் போட்ட யூரியா சாக்கு. "அந்தச் சாக்க மொதல்ல எடு" என்றேன். அடுத்த வாரம் பார்த்தபோது சாக்கு இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒரு வேலையாவது முடிந்ததே என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் காலையில் பெரியவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது வீடியோ கால் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன், திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து.

"நைனா வுழுந்துட்டாருமா. இடுப்பு எலும்பு. ஆபரேஷன் பண்ணணுமாம்."

"எங்க வுழுந்தாரு?"

"பின்வாசல்ல. சாக்கு வழுக்கிடுச்சி."

"எந்தச் சாக்கு?"

அவர் போனை அம்மா பக்கம் திருப்பினார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கேட்டபின்தான் தெரிந்தது: நான் கூப்பிடும் நேரம் வந்தால் சாக்கைச் சுருட்டி ஒளித்து வைத்து, பேசி முடித்ததும் மறுபடி விரித்திருக்கிறாள்.

"ஏம்மா இப்டி பண்ண?" என்று கத்தினேன்.

"அவரு கால் கழுவிக்கினு ஈரத்தோட வர்றாரு. டைல்ஸு வழுக்குதேன்னுதான் போட்டேன். எடு எடுன்னு சொன்னியே, எதுக்குப் போட்டன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

பெரியவர் வீட்டாரிடம் லீவு கேட்டதற்கு, அவரை யார் பார்ப்பது என்றார்கள். நைனாவுக்கு இடுப்பில் பிளேட் வைத்துப் படுக்கவைத்திருந்ததை விரிசல் விட்ட போன் திரையில்தான் பார்த்தேன்.

அவர் வீடு திரும்பிய பிறகு அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். குழாய் எங்கே, ஈரம் எப்படி உள்ளே வருகிறது, எதைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறார். இப்போது கால் கழுவும் குழாய் வேலிப் பக்கம் போய்விட்டது. பின்வாசலில் ரப்பர் மேட் கிடக்கிறது. டைல்ஸைப் பெயர்த்துச் சொரசொரப்பான சிமெண்ட் பூசலாம் என்றதற்கு மட்டும், "நான் செத்தப்புறம் ஒடச்சிக்கோ," என்று நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். கழனிக்குப் போக முடியவில்லை என்று எல்லோர் மீதும் எரிந்து விழுகிறார்.

படியோரம் கைப்பிடி மட்டும் இன்னும் வரவில்லை. மேஸ்திரிக்கு நானே போன் செய்கிறேன். "இதோ வந்துக்கினே கீறேம்மா" என்கிறான். பின்னால் திருப்பதி பஸ் ஸ்டாண்டின் தெலுங்கு அறிவிப்பு கேட்கிறது.