குசினிச் சுவரை இடித்த பிறகு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். நீளமாக நான் எழுதியதெல்லாம் வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்குக் கடிதம்தான். கையில் ஃபோன் வந்த பிறகு அதுவும் நின்றுபோனது. வீட்டை எப்படி அழகாக்கலாம் என்று விஷயம் தெரிந்த எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். அவர்களுக்கு நடுவில் நீ ஏன் எழுத வேண்டும் என்று என்னையே பல நாள் கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் துணிந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது பேசாலையில், எங்கள் வீட்டில். போன வருடம் உயிர்த்த ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு.

என் கணவர் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள். மன்னார் ரவுணில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். முப்பது வயது தாண்டிவிட்டது. அவளைப் பார்க்க மூன்று நான்கு இடங்களில் இருந்து வந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள். கதைத்துப்போட்டு அறிவிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் அறிவிக்கவில்லை. மகள் வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளமாட்டாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் உடுத்த சீலையை அடுத்த நாளே தோய்த்து, மடித்து, அலுமாரியின் அடித்தட்டில் வைப்பாள். அந்தச் சீலையைத் திரும்ப உடுத்தவே மாட்டாள்.

என் அக்காதான் சொன்னா, வருகிற ஆட்கள் முதலில் பார்ப்பது வீட்டைத்தானே, உன்னுடைய ஹோல் பகலிலும் இருட்டாக இருக்கிறது என்று. அது என் மனதில் ஊன்றிவிட்டது. அன்றில் இருந்து ஃபோனில் வீடு திருத்துகிற வீடியோவாகவே பார்த்தேன். மீன் வெட்டும்போதும் பக்கத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். தம்பியும் உதவி செய்கிறேன் என்றான்.

ஹோலுக்குக் கடும் பச்சை அடித்திருந்தோம். அதை மாற்றிப் பால் வெள்ளை அடித்தோம். தரைக்கு மாபிள் கல். பழைய கண்ணாடி அலுமாரியை அறைக்குள் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மாதா சுரூபத்துக்கு ஒரு தட்டும் மேலே மஞ்சள் லைற்றும் வைத்தோம். மகளின் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் நீலம். எங்கள் அறையில் யன்னலைப் பெருப்பித்தோம், காற்று நன்றாக வந்தது. இதெல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. இந்த யோசனைகளை யார் கேட்டாலும் சந்தோஷமாகச் சொல்லுவேன்.

குசினியில்தான் பிழை விட்டோம்.

வீடியோவில் வருகிற வீடு ஒன்றிலும் குசினிக்குச் சுவர் இல்லை. சமைக்கிற இடமும் இருக்கிற இடமும் ஒன்றாக, நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்லு மேசை மட்டும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. சுவரை எடுத்தால் பின்பக்க வெளிச்சம் ஹோலுக்கு வரும் என்றேன். கணவருக்கு விருப்பமில்லை. "கருவாடு பொரிச்சால் மணம் மாதாவுக்கும் போகும்" என்றார். மேசன் வேலை செய்தவரும் மணத்தைத்தான் சொன்னார். அதற்காக அடுப்புக்கு மேலே புகையை இழுக்கிற பெரிய விசிறி ஒன்று பூட்டினோம். மணத்தைப் பற்றி எல்லோரும் யோசித்தோம். சத்தத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கூச்சக்காரி. நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்கமாட்டேன். கோவிலில் பெண்கள் கூட்டம் நடந்தாலும் கடைசி வாங்கில் இருந்துவிட்டு எழும்பி வருவேன். ஊரில் எனக்குப் பெயர் "வாயில்லாத மனுசி". ஆனால் குசினிக்குள் அக்காவோடு நின்றால் நான் வேறு ஆள். வந்தவர்களின் நடை, உடுப்பு, கதை எல்லாவற்றையும் எடுத்து நடித்துக் காட்டுவேன். அக்கா அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பா. ஹோலில் ஆண்கள் கதைப்பார்கள், குசினியில் நாங்கள் கதைப்போம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். ஹோலில் நல்ல வார்த்தை, குசினியில் உண்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை நல்லவளாக ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தது அந்தச் சுவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஞாயிறு உயிலங்குளப் பக்கத்தில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அக்கா கொண்டுவந்தது. எங்களைப் போல வேதக்காரர்தான், ஆனால் வயல் செய்கிற குடும்பம். மாப்பிள்ளை, தாய், தகப்பன் மூன்று பேரும் வந்தார்கள். பூசை முடிந்து வந்ததால் மத்தியானச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். மகளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்பது அவள் தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடாமல் தகப்பனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்ததிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அப்படி அவள் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆண்டவரே, இது சரிவர வேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தாய் அதிகம் கதைக்கவில்லை. கோப்பையை வாங்கும்போது கை தடுமாறி, தேத்தண்ணி புதுச் சோபாவில் ஊற்றுண்டது. வெள்ளைத் துணி. மகள் ஓடி வந்து துடைத்தாள். பரவாயில்லை என்று நானும் சிரித்துக்கொண்டு சொன்னேன். சொல்லிவிட்டுக் கல்லு மேசைக்கு இந்தப் பக்கம், அடுப்படிக்கு வந்தேன். அக்கா நண்டுக் கறியைக் கிளறிக்கொண்டு நின்றா. தலைக்கு மேலே விசிறி பெரிய இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் தொடங்கியது அக்காதான். மாப்பிள்ளையின் தகப்பன் வந்ததில் இருந்து மாபிளைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நெல்லுக் காயப் போடலாமோ எண்டு பாக்கிறார் போல" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு எனக்கும் வாய் வந்தது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுதக் கை கூசினாலும்.

"அவரை விடுங்கோ அக்கா, தாயைப் பாத்தனீங்களே? ஒரு கோப்பை பிடிக்கத் தெரியேல்ல. வயலுக்குள்ள சிரட்டையில குடிச்சுப் பழகினதாக்கும். இந்த மாமியைக் கட்டி மேய்க்கிறதுக்கோ நான் பிள்ளையைப் படிப்பிச்சனான்?"

சொல்லிவிட்டு, கோப்பை தடுமாறினதைக் கையால் நடித்தும் காட்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா. மகள் கல்லு மேசையைச் சுற்றி வந்து, கையை உயர்த்தி விசிறியை நிப்பாட்டினாள். "அம்மா, எல்லாம் கேக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

விசிறி நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று தெரிந்தது. அந்த இரைச்சலுக்கு மேலால் கதைக்க வேண்டும் என்று நாங்கள் சத்தமாகவே கதைத்திருக்கிறோம். திரும்பினேன். ஐந்தாறு அடி தள்ளி அவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நடுவில் ஒன்றும் இல்லை. ஓடி ஒளிய ஒரு கதவு மறைவுகூட இல்லை. என் கை இன்னும் கோப்பை பிடிக்கிற மாதிரியே வளைந்திருந்தது. அதை இறக்க எனக்குத் தெரியவில்லை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைப் பிள்ளை எழும்பி நின்றான், போவதற்குத்தான் என்று நினைத்தேன்.

தாய் எழும்பினா. மகனின் தோளில் கை வைத்து இருத்திவிட்டு, நடந்து வந்து கல்லு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றா. வலது கையைத் தூக்கி மேசை மேலே வைத்தா. முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. இரண்டு விரல் மடிந்தபடியே இருந்தது. சீலைத் தலைப்பால் மூடி வைத்திருந்ததால் நான் காணவில்லை. கண்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

"இது இடம்பெயர்ந்து போகேக்க ஷெல் பட்ட கை, தங்கச்சி. நான் பிடி எண்டால் பிடிக்காது, விடு எண்டால் விடாது" என்றா.

மன்னியுங்கோ என்ற ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. அதையும் துடைக்காமல் நின்றேன்.

அவ அடுப்பை ஒரு தடவை எட்டிப் பார்த்தா. பிறகு குரலை இறக்கி, எனக்கும் அக்காவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னா. "நேற்று நானும் என்ர தங்கச்சியும் அடுப்படியில நிண்டு உங்களைத்தான் கிழிச்சனாங்கள். கடல் ஆக்களுக்கு வாய் கூட, பெடியன் அங்க போனால் வாயில்லாமல் போவான் எண்டு. எங்கட குசினிக்குச் சுவர் இருக்கு, அதுதான் வித்தியாசம். கறி அடிப்பிடிக்குது, பாருங்கோ."

அக்கா திடுக்கிட்டு அடுப்பை நூர்த்தா.

சாப்பிட்டார்கள். அவ இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டா. நண்டை மகள்தான் உடைத்து உடைத்து அவவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். நான் பரிமாறிக்கொண்டு நின்றேன், ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் மாப்பிள்ளையின் தகப்பன் என் கணவரைப் பார்த்து, "மாபிளில நெல்லுக் காயப் போட ஏலாது. வழுக்கும்" என்றார். சிரிக்காமல் சொன்னார். பகிடியா கோபமா என்று எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. கணவர் "ஓம், ஓம்" என்றார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "கதைச்சுப்போட்டு அறிவிக்கிறம்" என்று மாப்பிள்ளையின் தகப்பன் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் மகள் உள்ளே போய்விட்டாள்.

பின்னேரம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். அழுதுகொண்டுதான் நின்றேன். மகள் வந்து பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள். உடுப்பு மாற்றியிருந்தாள். சீலை அறைக்குள் வாளியில் ஊறப் போட்டிருந்ததைக் கண்டேன். ஏச வேண்டும், கத்த வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

"அம்மா, சுவர் இருக்கேக்க என்னைப் பற்றியும் பெரியம்மாவோட இப்பிடித்தானே கதைச்சிருப்பீங்கள்?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் கதைத்திருக்கிறேன். ஒவ்வொரு சம்பந்தமும் தட்டிப்போன பிறகு, அவளுடைய முகத்தைப் பற்றி, கண்ணாடி போடுவதைப் பற்றி, யாரோடும் கலகலப்பாகக் கதைக்கத் தெரியாததைப் பற்றி அக்காவிடம் சொல்லி அலுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை அவளுடைய நடையைக்கூட நடித்துக் காட்டியிருக்கிறேன். அவள் அப்போது அடுத்த அறையில் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருப்பாள். நான் கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன். அவள் மிச்சக் கோப்பைகளையும் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

கணவர் சுவரைத் திரும்பக் கட்டுவோமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இடித்த நாளில் இருந்து அந்தக் குசினி வெளிச்சமாகத்தான் இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீடு திருத்துகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சுவரை எடுப்பதற்கு முன்னால், அதற்குப் பின்னால் நின்று இதுவரை என்னென்ன கதைத்தீர்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ஷெல் பட்ட கையை நான் பழித்ததை அந்த அம்மா எனக்கு மன்னித்துவிட்டா, என் மகளும் என்னோடு பழையபடி கதைக்கிறாள். ஆனாலும் அடுப்படியில் நின்று யாரையாவது பற்றிச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் நான் ஹோல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், அங்கே ஒருவரும் இல்லாத நேரத்திலும்.

அந்த ஞாயிறுக்கு அடுத்த நாள் காலை பத்து மணிபோல மாப்பிள்ளையின் தாய் ஃபோன் எடுத்தா. கோவிலில் திருமண அறிவித்தலுக்குக் கொடுக்க வேண்டும், மகளின் ஞானஸ்நானப் பத்திரத்தை எடுத்து வையுங்கோ என்றா. நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். மகள் பாடசாலைக்குப் போயிருந்தாள். சீலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.